திரையை வரைவது யார்? லினக்ஸ் கிராபிக்ஸ் கேள்வி பதில்

அச்சகங்களில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பக்கம் கட்டுபவரைக் கம்பாசிட்டர் என்பார்கள். நான் வளர்ந்த ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருவிலேயே அப்படி ஒருவர் இருந்தார். லினக்ஸ் டெஸ்க்டாப்பிலும் கம்பாசிட்டர் என்ற பெயரிலேயே ஒரு மென்பொருள் உண்டு. வேலையும் ஏறக்குறைய அதுதான். ஒவ்வொரு ஜன்னலும் தன் படத்தை நினைவகத்தில் தனியாக வரைந்து வைக்கிறது. அவற்றை எடுத்து, எது மேலே எது கீழே என்று பார்த்து, நிழல் சேர்த்து, ஒரே பக்கமாகக் கட்டித் திரைக்கு அனுப்புவது கம்பாசிட்டர். ஜினோம் என்ற டெஸ்க்டாப்பில் அதன் பெயர் மட்டர், கேடிஇ என்ற டெஸ்க்டாப்பில் கேவின். இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் அதன் மேல் வந்த புகார்கள். பெரும்பாலும் தப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

அல்சூரில் ட்யூஷன் சென்டர் நடத்துகிறேன் சார். பிள்ளைகளுக்காகப் பழைய லேப்டாப் ஆறில் உபுண்டு போட்டோம். ஐந்து நன்றாக ஓடுகின்றன. ஒன்றில் மட்டும் ஜன்னலை நகர்த்தினால் இழுத்து இழுத்து வருகிறது, ஃபேன் ஓயாமல் கத்துகிறது. ஆறும் ஒரே மாடல்தான். ராம் கூட்ட வேண்டுமா?

ராமுக்குக் காசு போட வேண்டாம், டீச்சர். ஒரே மாடலில் ஐந்து ஓடி ஒன்று திணறுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நன்றாக ஓடுவதையும் திணறுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் செட்டிங்ஸைத் திறந்து, அபவுட் பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற வரியைப் படியுங்கள். நல்லதில் இன்டெல் என்றோ ஏஎம்டி என்றோ சிப்பின் பெயர் இருக்கும். மற்றதில் எல்எல்விஎம்பைப் என்று ஆரம்பித்து, அதன் பக்கத்தில் ஒரு பதிப்பு எண்ணும் பிட்ஸ் கணக்கும் இருந்தால் நோய் பிடிபட்டது.

கிராபிக்ஸ் சிப் கைக்குக் கிடைக்காதபோது அதன் வேலையைச் சிபியுவை வைத்தே செய்து முடிப்பது எல்எல்விஎம்பைப். டெஸ்க்டாப்பே வராமல் போவதிலிருந்து நம்மைக் காப்பாற்றுவது அதுதான், அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். பழைய லேப்டாப்களில் வழக்கமான 1366க்கு 768 திரை என்றாலே பத்து லட்சத்துக்கு மேல் புள்ளிகள். நொடிக்கு 60 தடவை முழுத் திரையும் மாறினால் 6 கோடிக்கு மேல். சிப்புக்கு இது அன்றாட வேலை. சிபியுவோ மற்ற எல்லா வேலைகளுக்கும் நடுவில் இதையும் சுமக்கிறது. ஃபேன் கத்துவது அதனால்தான்.

சிப் ஏன் கிடைக்கவில்லை? நான் முதலில் சந்தேகப்படுவது நோமோட்செட் என்ற ஒரே ஒரு சொல்லை. நிறுவும்போது திரை கறுப்பாகிவிட்டால், சேஃப் கிராபிக்ஸ் என்ற வழியில் போவோம் அல்லது யாராவது சொல்லி இந்தச் சொல்லைச் சேர்ப்போம். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கிராபிக்ஸ் டிரைவரைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். நிறுவும் அந்த ஒரு மணி நேரத்துக்கு அது சரி. நிறுவிய பிறகும் அது அங்கேயே தங்கிவிட்டால் தினமும் தொல்லைதான்.

எடுத்துப் பார்ப்பது எளிது. கணினி தொடங்கும்போது க்ரப் மெனுவை வரவழையுங்கள் (பழைய பயாஸில் ஷிஃப்ட், யுஇஎஃப்ஐயில் எஸ்கேப்). ஆங்கில 'இ' பட்டனை அழுத்தினால் வரிகள் தெரியும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் அந்தச் சொல்லைத் தேடி அழித்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், எதுவும் கெட்டுப்போகாது. டெஸ்க்டாப் வந்ததும் அபவுட் பக்கத்தில் சிப்பின் பெயர் வந்துவிட்டதென்றால், இடிசி கோப்புறையில் டிஃபால்ட் என்பதற்குள் இருக்கும் க்ரப் கோப்பிலிருந்தும் அதை எடுத்துவிட்டு, அப்டேட்-க்ரப் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். வேகத்துக்காக அனிமேஷனை அணைத்து வைத்திருந்தால் அதையும் திரும்பப் போட்டுவிடலாம், பிள்ளைகள் ரசிப்பார்கள்.

கம்பாசிட்டரையே நிறுத்திவிட்டால் வேகம் கூடும் என்கிறார்களே?

எக்ஸ்11இல் (திரையைக் கையாளும் பழைய ஏற்பாடு) ஓடும் எக்ஸ்எஃப்சிஇ, மாத்தே போன்ற டெஸ்க்டாப்களில் நிறுத்தலாம். கிராபிக்ஸ் பலவீனமான, மிகப் பழைய இயந்திரத்தில் பலனும் உண்டு. 945 காலத்து இன்டெல் சிப்பின் ஹார்டுவேர் ஓபன்ஜிஎல் (கிராபிக்ஸ் கட்டளைகளுக்கான தரம்) 1.4 வரைதான், அதன் மேல் இன்றைய ஜினோமை ஏற்றுவது பாவம். ஆனால் ஜினோமில் அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலண்டில் கேட்கவே வேண்டாம், அங்கே திரையை ஆள்வதே கம்பாசிட்டர்தான்.

கே.ஆர். புரத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்காக எக்ஸ்எஃப்சிஇ போட்டுக் கொடுத்தேன். வீடியோ பார்க்கும்போது படத்தின் குறுக்கே ஒரு கோடு விழுகிறது. ஆள் நடந்தால் இடுப்புக்கு மேல் ஒரு பக்கமும் கீழ் ஒரு பக்கமும் போகிறது. மானிட்டர் போய்விட்டதா?

மானிட்டர் நன்றாகவே இருக்கிறது. இதை டேரிங் என்போம், கிழிதல். மானிட்டர் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படத்தை வாங்கிக்கொள்கிறது. பாதி வாங்கியிருக்கும்போது அடுத்த படம் வந்து உட்கார்ந்தால், மேல் பாதி பழையது, கீழ் பாதி புதியது. மானிட்டர் ஒரு சுற்று முடிக்கும் வரை காத்திருந்து படத்தை மாற்றுவதுதான் மருந்து.

எக்ஸ்எஃப்சிஇயின் கம்பாசிட்டருக்கு 2019இல் வந்த 4.14 பதிப்பிலிருந்து இந்தக் காத்திருப்பு தெரியும். விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்பாசிட்டர் பக்கம் போய் அது இயங்குகிறதா என்று பாருங்கள். வேகத்துக்காக யாரோ அணைத்து வைத்திருப்பது சகஜம். அப்புறம், பிகாம் போன்ற இன்னொரு கம்பாசிட்டர் பின்னால் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஒரு உறையில் இரண்டு கத்தி வேண்டாம். இரண்டும் சரியாக இருந்தும் கோடு போகவில்லையா? ஏஎம்டி கார்டு என்றால் டிரைவரில் டேர்ஃப்ரீ என்ற அமைப்பைப் போடுங்கள். என்விடியா என்றால் அதன் செட்டிங்ஸில் ஃபோர்ஸ் ஃபுல் காம்போசிஷன் பைப்லைன்.

எஸ்.பி. ரோட்டில் பழைய ஜிடி 730 கார்டு மலிவாகக் கிடைக்கிறது. டெஸ்க்டாப் வேகத்துக்காக வாங்கிப் போடலாமா?

வேண்டாம். ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சிப்கள் விற்கப்பட்டன. ஒன்று ஃபெர்மி தலைமுறை, 96 கோர். மற்றது கெப்ளர், 384 கோர். டப்பாவைப் பார்த்தால் சட்டென்று தெரியாது, பழைய கார்டுக்கு டப்பாவும் இருக்காது. ஃபெர்மிக்கு என்விடியா டிரைவர் 390 வரிசையோடும், கெப்ளருக்கு 470 வரிசையோடும் நின்றுவிட்டது. புதுக் கெர்னல் வர வர இவற்றை ஓட்டுவது போராட்டம். நூவோ என்ற திறந்த மூல டிரைவரில் போனால், கெப்ளர் கார்டு, நாமே கையால் வேகத்தை மாற்றாதவரை, கணினி தொடங்கும்போது இருக்கும் குறைந்த வேகத்திலேயே கிடக்கும்.

ஜன்னல் நகர்த்தவும் வீடியோ பார்க்கவும் கடந்த பத்தாண்டுகளில் வந்த இன்டெல் சிபியுவில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். அதற்கான டிரைவர் கெர்னலோடும் மெசா என்ற திறந்த மூல கிராபிக்ஸ் தொகுப்போடும் வந்துவிடுகிறது. ஒற்றை ராம் குச்சி போட்டிருந்தால், இணையாக இன்னொன்று போடுங்கள். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் கணினியின் ராமைத்தான் பயன்படுத்துகிறது, இரண்டு வழியாகப் படித்தால் அதற்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

புது லேப்டாப்பில் என்விடியா டிரைவர் போட்டேன் அண்ணா. நடுவில் ஒரு பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனபோது நீலத் திரையில் ஏதோ வந்தது. பயந்துபோய் கன்டினியூ பூட் கொடுத்துவிட்டேன். இப்போது டிரைவர் இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை.

தம்பி, அந்த நீலத் திரைதான் வாசல். செக்யூர் பூட் இயங்கும் கணினியில், தெரிந்த கையெழுத்து இல்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. உன் கணினியிலேயே தயாரான டிரைவருக்கு உன் கணினியே ஒரு சாவி செய்து கையெழுத்துப் போடுகிறது. அந்தச் சாவியை நம்பலாம் என்று, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளே சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அந்தத் திரை. எதையும் அழுத்தாவிட்டால் சில விநாடிகளில் தானாகவே போய்விடும். பலரும் டீ எடுத்து வருவதற்குள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மோக்யூடில் கருவியில் இம்போர்ட் என்று கொடுத்துச் சாவிக் கோப்பைக் காட்டு. உபுண்டுவில் அது ஷிம்-சைன்ட் கோப்புறைக்குள் மோக் என்ற பெயரில் இருக்கும். மறுபடி ஒரு பாஸ்வேர்டு கேட்கும். வெறும் எண்களாகவே வைத்துக்கொள், நீலத் திரையில் உன் கீபோர்டு அமைப்பு எப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. ரீஸ்டார்ட் ஆனதும் என்ரோல் மோக், கன்டினியூ, எஸ், பாஸ்வேர்டு, ரீபூட். இந்த வரிசையைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

மாரத்தஹள்ளியில் மென்பொருள் வேலை. என்விடியா கார்டு, வேலண்ட். கோட் எடிட்டரில் அடித்த எழுத்து மறைந்து மறைந்து வருகிறது, சில சமயம் பழைய வரி மின்னிப் போகிறது. ஃபயர்ஃபாக்ஸில் இப்படி இல்லை.

நல்ல கவனிப்பு. ஃபயர்ஃபாக்ஸ் நேரடியாக வேலண்டில் ஓடுகிறது, உங்கள் எடிட்டர் அநேகமாக எக்ஸ்வேலண்ட் (எக்ஸ்11 நிரல்களை வேலண்டுக்குள் ஓட்டும் பாலம்) வழியாக ஓடுகிறது. மை காயுமுன் தாளை உருவினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே நடக்கிறது. கார்டு வரைந்து முடிக்கும் முன்பே கம்பாசிட்டர் அந்தப் படத்தை எடுத்துவிடுகிறது. இன்டெலிலும் ஏஎம்டியிலும் "பொறு, இன்னும் முடியவில்லை" என்ற செய்தி கெர்னலுக்குள்ளேயே தானாகப் பரிமாறப்பட்டது. என்விடியா டிரைவர் அந்த முறையில் வரவில்லை. வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் எக்ஸ்ப்ளிசிட் சிங்க் என்ற ஏற்பாடு 2024இல்தான் எல்லா இடத்திலும் வந்து சேர்ந்தது. என்விடியா 555 டிரைவர், எக்ஸ்வேலண்ட் 24.1, அதோடு ஜினோம் 46.1 அல்லது கேடிஇயின் பிளாஸ்மா 6.1. இவற்றிலோ இவற்றுக்குப் பிந்தியவற்றிலோ ஓட்டுங்கள். மூன்றில் ஒன்று பழையதாக இருந்தாலும் மின்னல் நிற்காது. அதுவரை எடிட்டரை நேரடியாக வேலண்டில் ஓட விடுங்கள் அல்லது உள்நுழையும்போது எக்ஸ்11 அமர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) லினக்ஸ் நத்தையாக ஊர்கிறது.

டிஸ்ப்ளே அமைப்பில் விஎம்எஸ்விஜிஏ, 128 எம்பி வீடியோ நினைவகம், 3டி ஆக்ஸிலரேஷன் டிக். பிறகு உள்ளே கெஸ்ட் அடிஷன்ஸ். ரீஸ்டார்ட் செய்து அதே அபவுட் பக்கத்தைப் பாருங்கள். எஸ்விஜிஏ3டி என்று வந்தால் உங்கள் நிஜக் கார்டு வேலை செய்கிறது. அதற்குப் பிறகு ஜன்னல்கள் கறுப்பாகவோ துண்டு துண்டாகவோ வந்தால் 3டி டிக்கை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇக்கு மாறிவிடுங்கள், அந்தக் கூட்டுக்குள் அதுவே நிம்மதியாக ஓடும்.