வாசகர் கேள்வி – பதில்: ஒரே ஊரில் இரண்டு ரயில் நிலையங்கள்

கேள்வி: இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் என் மகள் வசிக்கிறாள். சென்ற ஆண்டு அவளைப் பார்க்கச் சென்றபோது நான் மேற்கு நிலையத்தில் இறங்கிவிட்டேன். மருமகனோ கிழக்கு நிலையத்தில் காத்திருந்தார். நம் கடலூரைப் போலவே அந்தச் சிறிய ஊரிலும் எதற்காக இரண்டு நிலையங்கள்?
– வாசகர் ஒருவர், கடலூர் முதுநகர்

பதில்: எண்ணிக்கை ஒன்றுதான், காரணம் முற்றிலும் வேறு. நம் ஊரில் திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம் சந்திப்பு ஆகிய இரண்டும் விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் ஒரே பாதையில் அடுத்தடுத்து அமைந்தவை. புதுநகருக்கு ஒன்று, பழைய நகருக்கு ஒன்று என்று ஊரின் அமைப்பே அவற்றைக் கேட்டு வாங்கியது. விருத்தாசலம் பாதை பிரிவதால் துறைமுக நிலையம் சந்திப்பும் ஆயிற்று.

கேன்டர்பரியில் நடந்தது இரண்டு தனியார் கம்பெனிகளின் போட்டி. தென்கிழக்கு ரயில்வே என்ற கம்பெனி ஆஷ்ஃபோர்டிலிருந்து பாதை அமைத்து, 1846 பிப்ரவரியில் இன்றைய மேற்கு நிலையத்தைத் திறந்தது. அதன் ஆதிக்கத்தை விரும்பாதவர்கள் தொடங்கிய கிழக்கு கென்ட் ரயில்வே, லண்டன் சாத்தம் டோவர் ரயில்வே என்று பெயர் மாறி, 1860 ஜூலையில் நகரின் மறுபுறத்தில் தன் நிலையத்தைத் திறந்து, மறு ஆண்டே டோவர் துறைமுகம் வரை பாதையை நீட்டியது. இரண்டு பாதைகளும் நகருக்கு வெளியே ஒன்றன்மேல் ஒன்றாகக் கடந்து செல்கின்றன. ஆனாலும் அவ்விடத்தில் பயணிகள் மாறி ஏற ஒரு சந்திப்பு நிலையம் இல்லை. ஒரு கம்பெனிக்கு எட்வர்ட் வாட்கின், மற்றதற்கு ஜேம்ஸ் ஸ்டாட்ஸ் ஃபோர்ப்ஸ் என்று தலைமை தாங்கியவர்கள் பல்லாண்டுகள் விட்டுக்கொடுக்காமல் மோதினார்கள். ஒரே கடற்கரை ஊர்களுக்கு இரண்டு பாதைகள் போட்டதால் பணம் கரைந்தது. சாத்தம் கம்பெனி 1866-இல் திவாலானது. 1899-இல்தான் இரண்டும் கூட்டாக இயங்க ஒப்புக்கொண்டன. அதற்குள் நிலையங்கள் நிலைத்துவிட்டன. அந்தச் சண்டையின் செலவை இன்றுவரை பயணிகள்தாம் சுமக்கிறார்கள் என்பது என் கருத்து. தங்கள் மருமகனும் அவர்களுள் ஒருவர்.

பெயர்களும் குழப்புபவை. கிழக்கு நிலையம் உண்மையில் நகரின் தெற்கே, பழைய கோட்டைச் சுவரை ஒட்டி உள்ளது. மேற்கு நிலையம் வடமேற்கே இருக்கிறது. அடுத்த முறை செல்லும்போது லண்டனில் எங்கே ரயில் ஏறுகிறீர்கள் என்பதை மருமகனிடம் சொல்லிவிடுங்கள். விக்டோரியாவிலிருந்து நேராக வரும் ரயில் கிழக்கு நிலையத்துக்குச் செல்லும். செயின்ட் பாங்க்ரஸிலிருந்து 2009 முதல் ஓடும் அதிவேக ரயில் மேற்கு நிலையத்தில் நிற்கும். தவறி இறங்கினாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.

கேள்வி: உலகின் முதல் பயணிகள் ரயில் கேன்டர்பரியில்தான் ஓடியது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி ஒருவர், புதுச்சேரி

பதில்: பாதி உண்மை. கேன்டர்பரி–விட்ஸ்டபிள் பாதை 1830 மே 3 அன்று திறக்கப்பட்டது; புகழ்பெற்ற லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை செப்டம்பர் 15 அன்றுதான் வந்தது. கேன்டர்பரி வழியே கடலுக்கு ஓடும் ஸ்டவர் ஆறு தூர்ந்துபோனதால், கடலோர ஊரான விட்ஸ்டபிளிலிருந்து சரக்குகளை வண்டி கட்டி இழுத்துவர வேண்டியிருந்தது. அந்தச் சிரமமே சுமார் பத்துக் கிலோமீட்டர் பாதைக்கு வித்திட்டது. ஆற்று முகத்துவாரம் தூர்ந்தால் வணிகம் என்ன பாடுபடும் என்பதைக் கடலோரத்தவரான நமக்கு விளக்க வேண்டியதில்லை.

திறப்பு நாள் முதலே நீராவி எஞ்சின் பயணிகளை இழுத்தது என்பது மெய். ஆனால் ராபர்ட் ஸ்டீஃபன்சன் கம்பெனி செய்த 'இன்விக்டா' என்ற அந்த எஞ்சினுக்கு ஏற்றங்களில் வலுப்போதவில்லை. விட்ஸ்டபிள் பக்கத்துச் சமதளத்தில் மட்டும் அது ஓடியது. மேடுகளில், உச்சியில் நிலையாக நிறுத்திய எஞ்சின்கள் கயிற்றால் பெட்டிகளை இழுத்தன. இன்விக்டா என்றால் வெல்லப்படாதது என்று பொருள். பத்தாண்டுக்குள் அது ஓய்வுபெற்றது. எனவே பாதையின் மிகப் பெரும்பகுதியிலும் ஓடும் எஞ்சினையே நம்பி, ஊருக்கும் ஊருக்கும் பயணிகளை ஏற்றிச் சென்ற பெருமையை லிவர்பூல்–மான்செஸ்டருக்கே தர வேண்டும். கேன்டர்பரிக்கு வேறொரு சிறப்பு உண்டு: கடற்கரைக்குச் செல்வோருக்காக 1834-இலேயே அங்கே சீசன் டிக்கெட் விற்றார்கள்.

கேள்வி: அந்தப் பாதை இப்போதும் இருக்கிறதா?
– அதே வாசகி

பதில்: இல்லை. பயணிகள் சேவை 1930-ஆம் ஆண்டின் முடிவோடு நின்றது. சரக்கு ரயில் 1952-இல் நின்றது. டைலர் ஹில் சுரங்கம் மிகத் தாழ்வானதாகையால், புகைபோக்கியைக் குட்டையாக்கிய எஞ்சின்களையே கடைசிவரை ஓட்டினார்கள். மேலே கென்ட் பல்கலைக்கழகம் எழுந்தபின், 1974-இல் சுரங்கத்தின் ஒரு பகுதி சரிந்து அங்கிருந்த கட்டடம் ஒன்றைச் சேதப்படுத்தியது. பழைய தடத்தின் சில பகுதிகள் இன்று சைக்கிள் பாதையாக உள்ளன. இன்விக்டா எஞ்சினை விட்ஸ்டபிள் அருங்காட்சியகத்தில் காணலாம்.