மலையில் மின்னும் சர்வ் கொழும்பில் ஏன் திரும்பி வருகிறது?

சகோதரரே, தம்பியின் டென்னிஸ் சர்வை நுவரெலியாவில் யாராலும் தொட முடியவில்லை, ஆனால் கொழும்பில் எம்15 போட்டியின் (ஆண்களுக்கான தொழில்முறைப் போட்டிகளில் அடிப்படி) தகுதிச்சுற்றில், முதல் ஆட்டத்திலேயே எல்லாம் திரும்பி வந்தது, கோச்சை மாற்றவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோச்சை விட்டுவிடுங்கள், பாவம். காரணம் காற்று. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால் பந்து வேகமாகப் பறக்கும், சுழலும் அவ்வளவாகப் பிடிக்காது. இதே காரணத்தால்தான் கொலம்பியாவின் மலைநகரமான பொகோட்டாவில் நடக்கும் சேலஞ்சர் போட்டியில் பெரிய சர்வ்காரர்களுக்கு வாய்ப்பு அதிகம். கொழும்பில் அதே அடி குட்டையாக விழும், எதிராளிக்கும் நேரம் கிடைத்துவிடும்.

எந்தப் பந்தில் பழகுகிறார்? 1,219 மீற்றருக்கு மேல் உயரமான இடங்களுக்கென்றே செய்த உயர்நிலப் பந்துகளைத்தான் ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) சொல்கிறது. சாதாரணப் பந்து அங்கே அளவுக்கு மீறி எழும்பும். அப்புறம் ராக்கெட் நரம்பு. மலையில் பந்தை அடக்க இறுக்கிக் கட்டியிருப்பார். கீழே இரண்டு மூன்று இறாத்தல் தளர்த்தினால் ஆழம் வரும், வலைக்கு மேலேயும் கொஞ்சம் உயர்த்தி அடிக்கட்டும்.

முடிந்தால் ஒரு வாரம் முன்பே இறங்கி, மத்தியான வெயிலில் ஆடிப் பழகட்டும். அந்தப் புழுக்கம் மலைப் பிள்ளைகளைச் சீக்கிரம் களைக்க வைக்கும்.

ஏடிபி புள்ளிக்கு, அதாவது ஆண்கள் உலகத் தரவரிசைப் புள்ளிக்கு, அவசரப்படாதீர்கள். பிரதான சுற்றில் ஓர் ஆட்டம் வென்றால்தான் முதல் புள்ளி. சம்பியனுக்கே 15தான்.