40 நிமிடம் தாறுமாறாகத் துடித்த இதயம்: மாத்திரை போடணுமா?

கேள்வி: மேலூரிலிருந்து எழுதுகிறேன், டாக்டர். அம்மாவுக்கு 72 வயது, சுகரும் பிரஷரும் உண்டு. போன வருடம் மதுரையில் பேஸ்மேக்கர் வைத்தோம். இப்போது செக்கப்பில், இதயம் அவ்வப்போது தாறுமாறாகத் துடித்தது, அதிகபட்சம் 40 நிமிடம் என்று பதிவாகியிருக்கிறது. அம்மாவுக்கு எதுவுமே தெரியவில்லை. ஒரு டாக்டர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடச் சொல்கிறார், இன்னொருவர் பொறுக்கலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருமே தப்பாகச் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். முதலில் அந்தப் பதிவை யாராவது திறந்து பார்த்து, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான் என்று உறுதி செய்தார்களா என்று கேளுங்கள். அதாவது இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது; அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம், அதற்குத்தான் இந்த மாத்திரை. பேஸ்மேக்கர் சில நேரம் வேறு எதையாவது அப்படிக் குறித்துவிடும். ஒரே மூச்சில் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்திருந்தால் நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன், மாத்திரைதான். சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்களுக்கும் கணக்கே வேறு.

உங்கள் அம்மாவுடையது நடுவில் இருக்கிறது. 6 நிமிடம் முதல் 24 மணி நேரம் வரை நீடித்த இப்படிப்பட்ட துடிப்பு உள்ள சுமார் 4,000 பேரிடம் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் அபிக்ஸபான் மாத்திரையையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டு, ஆர்டீசியா என்ற ஆய்வு 2023-ல் வெளியானது. ஆண்டுக்கு 1,000 பேரில், ஆஸ்பிரின் எடுத்தவர்களில் சுமார் 12 பேருக்குப் பக்கவாதம் போன்ற அடைப்பு வந்தது, அபிக்ஸபானில் 8 பேருக்கு. ஆனால் பெரிய ரத்தக்கசிவு 9 பேரிலிருந்து 17 ஆகக் கூடியது. கசிவை பெரும்பாலும் சமாளித்துவிடலாம், பக்கவாதத்தில் போன கை திரும்ப வருமா என்பது வேறு விஷயம். அதனால் வெறும் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள்.

நாங்கள் போடும் பக்கவாத மதிப்பெண்ணில் அம்மாவுக்கு வயதுக்கு 1, சுகருக்கு 1, பிரஷருக்கு 1, பெண் என்பதற்கு 1, ஆக 4. இதற்கு முன் பக்கவாதம் வந்திருந்தாலோ மதிப்பெண் 5-ஐத் தொட்டாலோ மாத்திரையின் பக்கம் தராசு நன்றாகச் சாயும். 4 என்றால் அம்மாவின் விருப்பத்தையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும், நீங்களாக முடிவு பண்ணாதீர்கள்.

அப்புறம், முழங்கால் வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கிப் போடும் மாத்திரை ஏதாவது உண்டா? நம்ம ஊரில் அது சொல்லாமலே ஓடும். ரத்தம் உறையாத மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிற்றில் கசிவு வரலாம், முதலில் அதை நிறுத்துங்கள். ஹீமோகுளோபின், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பாருங்கள், பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள். 'எக்கோஸ்பிரின் போடுறோமே, போதாதா?' என்று கேட்பார்கள். அது ஆஸ்பிரின்தான், போதாது, ரத்தம் உறையாத மாத்திரைக்கு ஈடாகாது.

இப்போது வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் பேஸ்மேக்கர் செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள். நிமிடங்கள் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும், 75 வயது நிறைந்ததும் மதிப்பெண் தானாகவே 5 ஆகிவிடும்.