மங்கிய கொப்பியில் பார்த்த படங்கள்

அன்புள்ள அக்கா,

மல்லாவியில் ஆசிரியராக இருக்கிறேன். நண்பர்கள் சிலர் மாதமொருமுறை கூடி, அவரவர்க்குப் பிடித்த படங்களைப் பற்றிப் பேசுகிறோம். என் முறை வரும்போதெல்லாம் படத்தைவிட அதைப் பார்த்த இரவைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறேன் என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். "நீ சொல்வது ஊர்க்கதை, படம் எங்கே?" என்று கேட்டார். சிறுவயதில் உயிராக நேசித்த ஒரு படத்தை அண்மையில் கைப்பேசியில் பார்த்தேன். பாதிக்குமேல் பார்க்க முடியவில்லை. அப்படியென்றால் நான் நேசித்தது படத்தையா, அந்த இரவையா? இரவைத்தான் என்றால், அதைப் பிடித்த படம் என்று சபையில் சொல்வது சரியா?

— ஒரு வாசகர், மல்லாவி

அன்புள்ள தம்பி,

இரண்டையும் சொல்லுங்கள். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்காதீர்கள். உங்கள் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்காக அந்த இரவுகளை நீங்கள் விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை.

போர் நடந்த 1990களின் வன்னியில் ஒரு படம் பார்ப்பது எத்தனை பேருடைய உழைப்பு என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரி வராது, எரிபொருள் அருமை. வானொலி கேட்பதற்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்த காலம் அது. அதனால் எங்களில் பலர் படங்களைப் பார்க்கும் முன்பே அவற்றின் பாடல்களைக் கேட்டுவிட்டோம். காட்சிகளை நாங்களாகவே மனத்தில் அமைத்துக்கொண்டோம். பிறகு எங்காவது ஒரு சாமத்தியவீட்டிலோ கல்யாணவீட்டிலோ, வாடகைக்கு எடுத்த ரீவியும் வீடியோ டெக்கும் முற்றத்து மேசையில் ஏறும். வீட்டுக்குப் பின்னால், சத்தம் குறைவாகக் கேட்கும் தூரத்தில், சிறிதளவு பெற்றோலில் தொடக்கிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிய ஜெனரேற்றர் இரையும். அது இழுத்து இழுத்து ஓடும்போது திரையில் படமும் நான்கு பக்கத்தாலும் சுருங்கி விரியும். கோடு விழத் தொடங்கினால் ஒருவர் எழும்பிப் போய் டெக்கின் மூடியைக் கழற்றி ஹெட்டைத் துடைப்பார். அவர் துடைத்து முடிக்கும்வரை, கதை இனி எப்படிப் போகும் என்று பாயில் இருந்த பெண்கள் தங்களுக்குள் தீர்மானித்துவிடுவார்கள். வீடியோக் கசற்றின் கொப்பி கிளியர் இல்லை என்று யாரும் எழுந்து போனதை நான் கண்டதில்லை.

இது ஊர்க்கதை என்றால், நம்முடைய திரைப்பட வரலாற்றில் பெரும்பகுதி ஊர்க்கதைதான். இலங்கைத் தமிழ்ப் படங்களை எடுத்துப் பாருங்கள். 1962இல் 'சமுதாயம்' வந்தது. இயக்குநர் தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' 1977இலும், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' 1978இலும் வெளியாயின. 1983 யூலைக் கலவரத்தில், கொழும்புக்கு அருகே ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் மூலப்பிரதிகள் அங்கேயே அழிந்தன. பிரதி அழிந்த ஒரு படத்துக்கு, அதைப் பார்த்தவரின் நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லை. வன்னியில் நாங்கள் சேர்த்து வைத்திருந்த கசற்றுகளும் 2009இல் போரில் வீடுகளோடு போய்விட்டன. ஆகவே உங்கள் கூட்டத்தில் வயதில் மூத்தவர் எவராவது இருந்தால், 'வாடைக்காற்று' பார்த்தீர்களா, எங்கே, யாருடன், எந்தக் காட்சி மனத்தில் நிற்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இனி உங்கள் நண்பரின் பக்கத்துக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த படம் இயக்குநர் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்து, 1979இல் வந்த படம். போர்நிறுத்த காலத்தில் மகேந்திரன் கிளிநொச்சிக்கு வந்து இளைஞர்களுக்குத் திரைக்கலை கற்பித்தார் என்பதால் அவர் எங்களுக்கு இன்னும் நெருக்கமானார். ஆனால் படம் பிடித்ததற்கு அது காரணமில்லை. நான் அதை முதலில் பார்த்தது நிறமெல்லாம் வெளிறிப்போன ஒரு கொப்பியில். முகங்கள்கூடத் தெளிவில்லை. இருந்தும் அந்த முடிவு என்னைப் பிடித்துக்கொண்டது: மனைவியையும் மற்றவர்களையும் வதைத்த சுந்தரவடிவேலுவை ஊரே திரண்டு ஆற்றில் இறங்கச் சொல்கிறது, இதுவரை செய்த தீமைகளுள் பெரியது உங்களையும் என்னைப்போல ஆக்கியதுதான் என்ற பொருளில் அவன் பேசிவிட்டு, பிள்ளைகளிடம் விடைபெற்று நீருக்குள் போகிறான். இரண்டு பிள்ளைகளும் கரையில். அந்த முற்றத்தில் படம் முடிந்தபின்பும் ஒருவரும் உடனே பாயைச் சுருட்டவில்லை. ஊர் செய்தது சரியென்றார்கள் சிலர். அந்தப் பிள்ளைகளை இனி யார் பார்ப்பது என்று ஓர் ஆச்சி கேட்டதற்கு ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. பின்னாளில் நல்ல பிரதியில் பார்த்தபோது, ஊரவர் முகங்களில் வெற்றி எதுவும் இல்லை என்பதையும் கண்டேன். ஆச்சியின் கேள்வியைப் படமே தனக்குள் வைத்திருந்தது. மங்கிய கொப்பியால் அதை மறைக்க முடியவில்லை.

நீங்கள் பாதியில் நிறுத்திய படத்தின் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், விடுகிறேன். எனக்கும் அது நல்ல படமாகத் தோன்றியதில்லை. அதில் உங்களை மகிழ்வித்தவை பாட்டும் சண்டையும், பக்கத்தில் இருந்து சிரித்தவர்களும். அது குறைவான மகிழ்ச்சி அன்று. எறிகணைச் செல் விழாத ஓர் இரவில் பிள்ளைகள் விடிய விடியச் சிரித்திருந்தார்கள் என்பதை நான் எந்தத் திறனாய்வுக்காகவும் சிறிதாக்கிப் பேசமாட்டேன். சபையில் அதை அப்படியே சொல்லுங்கள்: "இது நான் பார்த்த நல்ல இரவு, படம் சுமார்." நண்பர் மறுக்கமாட்டார். பிடித்த படம் என்று ஒன்றைச் சொல்லும் நாளில் மட்டும், யாருடன் எங்கே பார்த்தீர்கள் என்பதற்கு முன்பாக, ஒரு காட்சியை எடுத்து, யார் எங்கே நிற்கிறார், எதைப் பார்க்கிறார், என்ன சொல்லாமல் விடுகிறார் என்பதை, அதைப் பார்த்திராத ஒருவர் காணும்படி விவரியுங்கள். அப்படி விவரிக்க ஒரு காட்சியாவது மனத்தில் தங்கியிருந்தால், நீங்கள் நேசித்தது படத்தையும்தான்.

அடுத்த கூட்டத்தில் 'உதிரிப்பூக்கள்' போட்டுப் பாருங்கள். கைப்பேசியில் ஆளுக்கொரு மூலையில் வேண்டாம், எல்லோரும் ஒரே திரையில். ஊர் செய்தது சரியா என்று மல்லாவியில் இன்று என்ன சொல்கிறார்கள் என்று அறிய எனக்கு மிகுந்த ஆவல். எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா