பழைய கைட் பக்கியை வாங்கிச் சரிசெய்து ஓட்ட முடியுமா?

கேள்வி இது: "ஆக்லாந்தில் இருக்கிறேன். ஒருவர் வீட்டுக் கொட்டகையில் பல வருஷமாகக் கிடக்கும் கைட் பக்கியை 100 டாலருக்குத் தருகிறார். துருப்பிடித்திருக்கிறது, டயர்களில் காற்று இல்லை, கூடவே ஒரு பழைய பட்டமும் வருகிறது. வாங்கலாமா? எதிலிருந்து வேலையைத் தொடங்குவது?"

வாங்கலாம். ஆனால் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. 150 டாலருக்கு வாங்கிய வண்டிக்கு அப்புறம் செலவழித்த காசையும் சனிக்கிழமைகளையும் கணக்குப் போட்டுப் பார்க்க இன்றுவரை தைரியம் வரவில்லை.

கைட் பக்கி என்றால் என்னவென்று தெரியாமல் படிப்பவர்களுக்காக: மூன்று சக்கரம், இன்ஜின் கிடையாது, பெடல் கிடையாது, பாய்மரமும் கிடையாது. தரையோடு தரையாகத் தொங்கும் ஒரு துணி இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து, கையில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டால் அது இழுத்துக்கொண்டு போகும். முன் சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும். பட்டம் வண்டியில் கட்டியிருக்காது, ஓட்டுகிறவரின் கையிலோ இடுப்புப் பட்டையிலோதான் இருக்கும். இன்று நாம் பார்க்கும் வடிவத்தில் இதைச் செய்து பரப்பியவர் இதே நியூசிலாந்துக்காரர், தென்தீவில் ஆஷ்பர்ட்டன் ஊரைச் சேர்ந்த பட்டக் கலைஞர் பீட்டர் லின், 1990-ஐ ஒட்டி. பட்டத்தால் வண்டி இழுக்கும் யோசனை மட்டும் ரொம்பப் பழசு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊர்க்காரர் ஜார்ஜ் போகாக் என்ற பள்ளி ஆசிரியர் 1826-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அந்தக் காலத்தில் குதிரை எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சாலைச் சுங்கம், இவர் வண்டியில் குதிரையே இல்லை, அதனால் சுங்கச்சாவடியில் காசு கேட்க வழியில்லாமல் விட்டார்களாம். எனக்குப் பிடித்த கதை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, வண்டிக்கு வருவோம்.

முதலில் சட்டம், அதாவது ஃபிரேம். அது நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும் சாமான். அது போயிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பார்க்கப் போகும்போது பையில் ஒரு காந்தமும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு போங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ், மேலே பழுப்புக் கறை படிந்திருந்தாலும் தேய்த்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். ஒட்டினால் சாதா இரும்பு, அதில் வெளியே தெரியும் துருவைவிட உள்ளே இருக்கும் துருதான் வில்லன். கடல் தண்ணீர் ஏதாவது ஒரு ஓட்டை வழியாகக் குழாய்க்குள் போயிருக்கும், வெளியே வர வழியிருக்காது, வருஷக்கணக்கில் உள்ளே உட்கார்ந்து தின்றிருக்கும். வண்டியை ஒரு பக்கமாகத் தூக்கிச் சாய்த்துக் காதை வைத்துக் கேளுங்கள். குழாய்க்குள் சலசலவென்று ஏதோ உருளும் சத்தம் வந்தால் அது உரிந்து விழுந்த துருச் சில்லு. ஸ்க்ரூடிரைவர் பிடியால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், இற்றுப்போன இடத்தில் தொப்பென்று இருக்கும். எங்கள் வீடு தூத்துக்குடியில், உப்பளத்துப் பக்கம். ஜன்னல் கம்பியை வாங்கும்போதே அது எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டு வாங்கும் ஊர். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் இந்தச் சோதனையைச் செய்யாமல் வாங்கினேன் என்பதுதான் வெட்கம்.

நான் செய்த பெரிய தப்பு, வந்ததும் பெயிண்ட் அடித்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, நல்ல சிவப்பு நிறத்தில் இரண்டு சுற்று. பளபளவென்று இருந்தது, வீட்டில்கூடப் பாராட்டினார்கள். இரண்டாம் முறை கடற்கரைக்குப் போய்விட்டு வந்து கழுவும்போது, முன் ஃபோர்க் நுழைந்து திரும்புகிற குழாயும் நடுத்தண்டும் சேரும் பற்றவைப்புக்குப் பக்கத்தில், சிவப்புப் பெயிண்டின் மேல் மயிரிழை மாதிரி ஒரு பழுப்புக் கோடு. துடைத்தேன், போனது. மறுநாள் பார்த்தால் திரும்பவும் அதே இடத்தில் இருக்கிறது. விரிசல் அது. விரிசலுக்குள் போன ஈரம் துருவாகக் கசிந்து வெளியே வருகிறது. அந்த இணைப்புதான் வண்டியிலேயே அதிக அடி வாங்குகிற இடம், ஓட்டுகிறவர் எடையும் முன் சக்கரம் வாங்கும் குலுக்கலும் அங்கேதான் போய்ச் சேரும். அங்கே விட்டுப்போனால் நடுத்தண்டு மண்ணில் குத்தும், நீங்கள் பட்டத்தோடு முன்னால் பறப்பீர்கள்.

வெல்டிங் பட்டறைக்காரர் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இந்த பெயிண்ட் அடித்த புண்ணியவான் யார்?" என்னுடைய இரண்டு வாரச் சிவப்பை மொத்தமாகச் சுரண்டி எடுத்தார். கீழே நாகப்பூச்சு, அதாவது ஜிங்க் பூச்சு இருந்தது, அதையும் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பற்றவைத்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: நாகம் பூசிய குழாயை அப்படியே வெல்ட் செய்தால் வரும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலே வரும், வீட்டு கராஜில் நாமே செய்துபார்க்கிற வேலை இல்லை. விரிசலின் மேல் வெறுமனே ஒரு கோடு இழுத்துவிடாமல், முனையைக் குடைந்து, உள்ளே ஒரு சிறு குழாயைச் செருகி, மூலையில் முக்கோணத் தகடு ஒன்றும் வைத்துக் கொடுத்தார். குழாயின் அடிப்பக்கம் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டையும் போடச் சொன்னேன். 120 டாலர். பெயிண்ட் கடைசி வேலை என்பது அன்று புரிந்தது.

அடுத்து சக்கரம். இதில் நல்ல செய்தி, பழைய பக்கிகள் பலவற்றில் இருப்பது 4.00-8 அளவு டயர், அதாவது கட்டிட வேலையில் மண் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியின் டயர். எந்த ஹார்டுவேர் கடையிலும் டயரும் டியூபும் கிடைக்கும், வால்வு நேரா வளைந்ததா என்று மட்டும் பழைய டியூபோடு ஒப்பிட்டு வாங்குங்கள். ஒன்றை மட்டும் மறக்கவே வேண்டாம். பல ரிம்கள் இரண்டு பாதிகளாக வந்து நடுவில் போல்ட்டால் சேர்ந்திருக்கும். காற்றை முழுக்க இறக்காமல் அந்த போல்ட்டைக் கழற்றினால் ரிம் பாதி முகத்தில் வந்து அடிக்கும். டயர் தட்டையாகத் தெரிகிறதே என்று நம்பாமல், வால்வு ஊசியையே கழற்றிவிட்டு அப்புறம் ஸ்பானரை எடுங்கள்.

பேரிங் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஆக்லாந்து மேற்குக் கரையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு மற்றப் பல கடற்கரைகளில் இல்லாத ஒரு தொல்லை உண்டு. நான் ஓட்டுவது முரிவாய் கடற்கரையில். அங்கே மணல் கறுப்பு. டாரனாகி எரிமலைப் பக்கத்திலிருந்து அலை அடித்துக் கொண்டுவந்த இரும்பு மணல் அது, காந்தத்தைக் காட்டினால் தாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். க்ளென்புரூக் ஆலையில் இந்த வகை மணலை உருக்கித்தான் இரும்பு எடுத்துவந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என் பழைய பேரிங்கின் ரப்பர் மூடியை ஊசியால் நெம்பித் திறந்தபோது உள்ளே கிரீஸே இல்லை, கறுப்பாக ஒரு பசை, அதில் காந்தத்தை வைத்தால் பசையே எழுந்து நிற்கிறது. அதைச் சுத்தம் செய்து திரும்பப் போடலாம் என்று நினைக்காதீர்கள், பால்ஸ், அதாவது உள்ளே உருளும் குண்டுகள், ஓடும் பாதையே அரைந்திருக்கும். என் வண்டியின் அச்சு 20 மி.மீ., அதற்கு 6004 என்ற எண் பேரிங், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளது. உங்கள் பேரிங்கின் ஓரத்திலேயே எண் பொறித்திருக்கும், அதைச் சொன்னால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். விலை உயர்ந்த ஸ்டெயின்லெஸ் பேரிங் வாங்கச் சொல்லிச் சிலர் ஆசைகாட்டுவார்கள். இந்த மணலில் எல்லாமே சாகும், மலிவானதை வாங்கி அடிக்கடி மாற்றுவதே மேல் என்பது என் கட்சி.

நான் மாட்டிய புது பேரிங்குகள் இரண்டே ஓட்டத்தில் கரகரக்க ஆரம்பித்தன. மணலைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு வீடியோவில் போட்டு, மாட்டுவதைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "டேய், எங்கடா தட்டுற? வெளி வளையத்துல தட்டு, உள் வளையத்துல அடிச்சா பால்ஸ் வழியாத்தானடா அடி போகும், புதுசுலயே குழி விழுந்துரும்" என்றான். அதோடு விடவில்லை. "ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல குழாய்த்துண்டு ஒண்ணு இருக்கணுமே, எங்க அது?"

அந்தக் குழாய்த்துண்டு குப்பையில் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. துருப்பிடித்த ஏதோ துண்டு என்று தூக்கிப் போட்டிருந்தேன். அது இருந்தால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் ஒரு உள் வளையத்திலிருந்து இன்னொன்றுக்கு அதன் வழியாகப் போய்விடும். இல்லாவிட்டால் இறுக்க இறுக்க இரண்டு பேரிங்கும் ஒன்றை நோக்கி ஒன்று பிதுங்கி, பால்ஸ் பக்கவாட்டில் நசுங்கும். லேத் பட்டறையில் அளவு கொடுத்து மூன்று துண்டு வெட்டி வாங்கினேன். அதிலிருந்து பேரிங் ஒரு பருவம் முழுக்க வருகிறது. ஆகவே எதைக் கழற்றினாலும் வரிசையாகத் தரையில் வைத்துப் படம் எடுங்கள், குப்பையைக் கடைசியில் போடுங்கள். நைலான் வளையம் வைத்த நட்டுகளை மட்டும் புதிதாகவே போடுங்கள், ஒருமுறை கழற்றியது பழைய பிடி பிடிக்காது.

பின் அச்சு வளைந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, பின் சக்கரங்களுக்கு நடுவே முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு. வித்தியாசம் கணிசமாக இருந்தால் அச்சுக்குப் பெண்டு எடுக்க வேண்டும் அல்லது புதிது. முன் ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், கடக்கென்றால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கிறது. இந்த ஆட்டம்தான் வேகம் எடுத்ததும் முன்சக்கரம் தலையாட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம்.

இருக்கைத் துணியைப் பொறுத்தவரை, துணி நன்றாக இருக்கும், நூல் போயிருக்கும். வெயில் நூலைத்தான் முதலில் தின்கிறது. தையலை நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தால் முழுக்கப் பிரித்துத் தைக்க வேண்டும். வீட்டுத் தையல் மிஷினில் வேண்டாம், படகுப் பாய் தைப்பவரிடம் கொடுத்தேன், தடித்த பாலியெஸ்டர் நூலில் ஒரு மணி நேர வேலை. இருக்கை எவ்வளவு தொங்குகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள், அதிகம் தொங்கினால் ஒவ்வொரு மேட்டிலும் உங்கள் வால் எலும்பு பின் அச்சை விசாரிக்கும்.

இனி அந்தப் பட்டம். வண்டியைவிட அதில்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். துணியை வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சிப் பாருங்கள், காற்று தாராளமாக வந்தால் துணியின் மேல்பூச்சு போய்விட்டது, அது தூக்காது. நான்கு நூல் பட்டம் என்றால் நான்கையும் ஒரே ஆணியில் மாட்டி இழுத்து நீளம் பாருங்கள். இழுவை முழுக்கத் தாங்குகிற முன் நூல்கள் இரண்டும் காலப்போக்கில் நீண்டிருக்கும், பட்டத்தின் பின் விளிம்பை இழுத்து அடக்கும் பிரேக் நூல்கள் அப்படியே இருக்கும். விளைவு, பிரேக் எப்போதும் பிடித்தபடியே பறக்கும், பட்டம் மேலே ஏறாமல் பின்னாலேயே விழும். பலர் இதைப் பார்த்துப் பட்டம் கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடுகிறார்கள், நூலைச் சமப்படுத்தினால் போதும். கையை விட்டதும் பட்டத்தின் காற்றை இறக்கிவிடும் மணிக்கட்டு வார் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை வாங்காமல் பறக்கவிடாதீர்கள்.

முதல் ஓட்டம் பட்டம் இல்லாமல். ஒரு சரிவில் யாரையாவது தள்ளச் சொல்லுங்கள், என்னை என் மகன் தள்ளினான், மிகுந்த சந்தோஷத்தோடு. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலால் மட்டும் நேராகப் போக முடிகிறதா, இடமோ வலமோ இழுக்கிறதா, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். அப்புறம் அலை இறங்கி மணல் இறுகியிருக்கும் நேரத்தில், ஆள் இல்லாத பக்கமாக, மெல்லிய காற்றில், ஹெல்மெட்டோடு. அமெரிக்காவில் இவான்பா என்ற வறண்ட ஏரித் தரையில் இந்த வண்டியை மணிக்கு 130 கி.மீ.க்கு மேல் ஓட்டியிருக்கிறார்கள், நமக்கு முதல் நாள் 20 போதும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அதுவே 60 மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரை வாளியிலிருந்து ஊற்றிக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் மட்டும் வேண்டாம், அது உப்பையும் மணலையும் பேரிங் மூடியைத் தாண்டி உள்ளே தள்ளிவிடும்.

செலவு கேட்டால், பட்டத்தை விட்டுவிட்டு, சட்டம் நன்றாக இருக்கும் வண்டிக்கு 200 டாலருக்குள் டயர், பேரிங், தையல் எல்லாம் முடியும். பார்க்கப் போகும்போது முன் குழாய் இணைப்பைக் கிட்டத்தில் இருந்து படம் எடுத்து இங்கே போடுங்கள், பெயிண்டின் மேல் பழுப்புக் கோடு இருந்தால் சொல்கிறேன்.