கார் பெயின்ட் மீது பெட்ரோல் சிந்தினால்…

கேள்வி: பெட்ரோல் நிரப்பும்போது டேங்க் மூடிக்குக் கீழே சிறிது வழிந்துவிட்டது. கவனிக்காமல் விட்டதால், என் வெள்ளை நிறக் காரில் இப்போது இளமஞ்சள் கோடு ஒன்று தெரிகிறது. தண்ணீர் விட்டுக் கழுவியும் போகவில்லை. பெயின்ட் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது, கவலைப்பட வேண்டாம். இக்காலக் கார்களில் நிறப்பூச்சின் மேல் ‘கிளியர் கோட்’ எனப்படும் ஒளிபுகும் பூச்சு ஒன்று இருக்கிறது. நன்கு இறுகிய கிளியர் கோட், சில நிமிடங்களில் ஆவியாகிவிடும் பெட்ரோலைத் தாங்கிக்கொள்ளும். முதலில் கரைவது அதன் மேலுள்ள வாக்ஸ்தான். பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோன பிறகு, அதில் கலந்திருக்கும் சாயமும் பிசின் போன்ற கசடும் தங்கிவிடுகின்றன. நீங்கள் காணும் மஞ்சள் கோடு அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் அந்த இடத்தைக் கழுவித் துடைத்து, விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள பகுதியைப் போலவே வழவழப்பாக இருந்தால் அது வெறும் கறைதான். சுருக்கம் விழுந்தோ, உப்பியோ, பிசுபிசுப்பாகவோ இருந்தால் கிளியர் கோட்டே பாதிக்கப்பட்டிருக்கிறது; அதை எந்த பாலிஷாலும் மீட்க முடியாது, பெயின்டரிடம்தான் காட்ட வேண்டும்.

கறை மட்டுமே என்றால், காரை நிழலில் நிறுத்தித் தகடு ஆறிய பிறகு, கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பின்னர் தார்க் கறை நீக்கும் திரவத்தை மைக்ரோஃபைபர் துணியில் சிறிது நனைத்து, கறையின் மேல் சில நொடிகள் ஒற்றி வைத்து, அழுத்தாமல் துடைத்தெடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மட்டுமே மென்மையான பாலிஷைக் கையால் போடலாம். கிளியர் கோட்டின் கனம் பொதுவாக 50 மைக்ரான் அளவுதான், அதாவது தலைமுடியைவிட மெல்லியது. ஆகவே ரப்பிங் காம்பவுண்டை (பூச்சைச் சுரண்டித் தேய்க்கும் பசை) எடுத்துப் பலமுறை தேய்ப்பதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். இறுதியில் அந்த இடத்துக்கு மறுபடி வாக்ஸ் பூச வேண்டும். அண்மையில் பெயின்ட் அடித்த கார் என்றால், பூச்சு முழுதாக இறுகியிராது என்பதால், இவற்றில் எதையும் நீங்களே செய்து பார்க்காதீர்கள்.

கேள்வி: சிந்தியவுடன் கையிலிருக்கும் துணியால் துடைத்துவிடலாமா? டீசலுக்கும் இதே முறைதானா?

பதில்: உலர்ந்த துணியால் தேய்க்க வேண்டாம். பெயின்டின் மேல் படிந்திருக்கும் தூசி, துணிக்கு அடியில் சிக்கிக் கீறல்களை உண்டாக்கும். தாராளமாகத் தண்ணீர் ஊற்றி வழியவிட்டு, பிறகு ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். வீடு திரும்பியதும் ஷாம்பு போட்டுக் கழுவலாம். டீசல் எளிதில் ஆவியாகாது. எண்ணெய்ப் படலமாக நின்று தூசியை ஈர்த்துக்கொள்ளும் என்பதால், வெறும் தண்ணீர் போதாது, சோப்பு நீர் அவசியம்.

பெட்ரோல் பட்ட துணியைக் காருக்குள் போட்டு வைக்காதீர்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கி நின்று, சிறு தீப்பொறிக்கும் பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில், விரித்துப் போட்டு உலரவிடுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது, குழாய் தானாக நின்றதும் அத்துடன் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் சொட்டுச் சொட்டாகத் திணிக்கும்போதுதான் பெரும்பாலும் வழிகிறது.