கவட்டையில் ஒரு கொப்புளம்: மூளை அறுவை மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் கணவரின் அண்ணனுக்கு வயது 52. போன தை மாதம் பிடரியில் இடி விழுந்த மாதிரி தலைவலி வந்து மயங்கிவிட்டார். ‘பேசிலர் தமனி உச்சியில் அனியூரிசம்’ என்று ரிப்போர்ட். ஒரு டாக்டர் மண்டையைத் திறந்து கிளிப் போடலாம் என்றார், இன்னொருவர் தொடை வழியாகக் காயில் (கம்பிச் சுருள்) வைக்கலாம் என்றார். காயில் வைத்தோம், நன்றாக இருக்கிறார். ஆனால் என் கொழுந்தனார் மட்டும் “திறந்தே செய்திருக்கணும்” என்று இன்னும் சண்டை போடுகிறார். மூளைக்கு நட்டநடுவில் இருப்பதற்கு மூளையை வெட்டித்தானே போக வேண்டும்? – வாசகி, திண்டுக்கல்

பதில்: வெட்ட வேண்டியதில்லை, அம்மா. அந்தத் தமனிகள் மூளைக்குள் இல்லை. மூளையின் அடிப்பக்கத்துக்கும் மண்டையோட்டின் தரைக்கும் நடுவே, நீர் நிறைந்த இடுக்கில் கிடக்கின்றன. அங்கே ரத்தக்குழாய்கள் ஒரு வளையமாகக் கூடுவதை 1664-ல் தாமஸ் வில்லிஸ் எழுதி வைத்தார். அதற்குப் படம் வரைந்த கிறிஸ்டோபர் ரென்தான் பிறகு லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டியவர்! வளையத்தின் பின்பக்கம் பேசிலர் தமனி மேலேறி வந்து, பையன்கள் மாங்காய் அடிக்கும் கவட்டை போல இரண்டாகப் பிரிகிறது. உங்கள் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு அந்தப் பிரிவில்தான் தமனிச் சுவர் ஊதிய கொப்புளம், அதாவது அனியூரிசம்.

திறந்து போக முக்கியமாக இரண்டு வழிகள். புருவத்தின் வெளிநுனியில் விரலை வைத்து, காதுப் பக்கமாக இரண்டு விரற்கடை நகர்த்துங்கள். அங்கே எலும்பு மெல்லிசு. அதைத் திறந்தால் முன்மூளைக்கும் பக்கமூளைக்கும் நடுவே ஒரு பிளவு. கமலா ஆரஞ்சில் சுளை பிய்யாமல் நாரை மட்டும் எடுப்பது போல, மைக்ரோஸ்கோப்பின் கீழ் அந்தப் பிளவைப் பிரித்துக்கொண்டே அடிவரை இறங்கலாம். இந்த முன்வழியைச் செம்மைப்படுத்தியவர் சூரிச்சில் இருந்த அறுவை மருத்துவர் யாசர்கில். இன்னொரு வழி காதுக்கு மேலே திறந்து, பக்கமூளையை அடியிலிருந்து லேசாகத் தூக்கிக்கொண்டு போவது. இந்தப் பக்கவழி டாக்டர் சார்லஸ் டிரேக்கின் வழி. அவர் ஊரும் லண்டன்தான், ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் லண்டன். எவரும் தொட அஞ்சிய பேசிலர் கொப்புளங்களில் 4 பேருக்குச் செய்ததை 1961-ல் எழுதினார். அவரும் அவருடைய குழுவும் கழுத்தின் பின்வழியாக மூளைக்கு ஏறும் தமனிகளிலும் பேசிலரிலும் கொப்புளம் வந்த 1767 நோயாளிகளின் அனுபவத்தைப் பின்னால் தொகுத்தார்கள்.

இதில் எது நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கொப்புளம்வரை போவது பெரிய விஷயமில்லை. கொப்புளத்தின் முதுகைப் பார்க்க முடிகிறதா என்பதுதான் விஷயம். கவட்டையின் பின்புறத்திலிருந்து தலைமுடி கனத்தில் சில குழாய்கள் கிளம்பி, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் பகுதிக்குப் போகின்றன. கொப்புளத்தின் கழுத்தைக் கவ்வும் கிளிப்பை மூடும்போது அதில் ஒன்று மாட்டினாலும் போச்சு. முன்வழியில் போனால் இரண்டு கிளைகளும் நன்றாகத் தெரியும், முடிக்குழாய்கள் கொப்புளத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பக்கவழியில் முதுகு தெரியும், எதிர்ப்பக்கக் கிளை சரியாகத் தெரியாது. கவட்டை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிட்யூட்டரி சுரப்பி உட்காரும் எலும்புக் குழிக்குப் பின்சுவர் ஒன்று உண்டு. கவட்டை அந்தச் சுவருக்குக் கீழே இருந்தால் பக்கவழி வசதி. ரொம்ப மேலே இருந்தால் கண்குழியின் விளிம்பு எலும்பையும் கழற்றி, கீழிருந்து அண்ணாந்து பார்த்தபடி போவோம்.

நான் தனியாகச் செய்ய ஆரம்பித்த காலத்தில் ஒரு அம்மாவுக்கு முன்வழியில் போனேன். கிளிப் அழகாக உட்கார்ந்தது, படத்தில் கொப்புளமே இல்லை. அவர் கண் விழிக்கப் பத்தொன்பது நாள் ஆனது. விழித்த பிறகும் பேச்சில் பழைய வேகம் வரவில்லை. முதுகைப் பார்த்தேனா என்றால், பார்த்த மாதிரி இருந்தது. அந்த “மாதிரி” இன்னும் உறுத்துகிறது. அதன் பிறகு கிளிப்பைப் பிடித்த கையை நிறுத்தி, பின்னால் என்ன இருக்கிறதென்று பக்கத்தில் நிற்கும் ஜூனியரை வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன்.

தொடை வழியில் இந்தத் தொல்லை குறைவு. குழாய்க்குள்ளேயே போய், கொப்புளத்தின் வயிற்றைப் பிளாட்டினக் கம்பிச் சுருளால் நிரப்புகிறார்கள். கலிபோர்னியாவில் டாக்டர் குக்லியெல்மி 1990-ல் தொடங்கியது இது. வெடித்த கொப்புளங்களில் இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2002-ல் வந்தது. ஓராண்டு கழித்து இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் சுருள் வைத்தவர்களில் 100-க்குச் சுமார் 24, கிளிப் போட்டவர்களில் சுமார் 31. அந்த ஆய்வில் பேசிலர் கேஸ்கள் மிகக் குறைவு, ஏனென்றால் அதற்குச் சுருள்தான் என்று பலரும் அதற்குள் முடிவுகட்டியிருந்தார்கள். ஆக, கொழுந்தனாரிடம் சொல்லுங்கள்: கத்தி பிடிக்கும் நானே அந்த இடத்துக்குச் சுருளைத்தான் முதலில் யோசித்திருப்பேன். ஆனால் சுருள் நாளாக நாளாக அமுங்கி, கொப்புளத்தின் கழுத்துப் பகுதியில் மறுபடி ரத்தம் புகலாம். சொன்ன தேதியில் செக்-அப் ஆஞ்சியோவுக்குக் கூட்டிப்போங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு சரி.

கேள்வி: அம்மாவுக்கு (58) நேற்றிலிருந்து இடது இமை தூக்க முடியாமல் விழுந்து கிடக்கிறது, அந்தப் பக்கம் தலைவலி. முகவாதம் என்று எண்ணெய் தேய்க்கிறோம். சரியா? – வாசகர், கடலூர்

பதில்: தம்பி, உங்கள் மின்னஞ்சலைப் பார்த்தவுடன் ஆசிரியர் குழுவை விட்டுப் போன் போடச் சொன்னேன், பத்திரிகை அச்சாகும்வரை காத்திருக்கும் விஷயம் இல்லை இது. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். முகவாதத்தில் கண்ணை மூட முடியாது, இமை விழாது. இமை விழுந்து, அந்தக் கண்ணின் பாப்பாவும் பெரிதாக இருந்தால், வளையத்தின் பின்பகுதியில் வீங்கிய தமனி பக்கத்து நரம்பை நெரிக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். வெடிப்பதற்கு முன் வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். அன்றைக்கே ஆஞ்சியோ ஸ்கேன். எண்ணெய் வேண்டாம்.

கேள்வி: கிளிப் வைத்தவர் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: இப்போது போடும் டைட்டானியம் கிளிப் என்றால் எடுக்கலாம். பழைய எஃகு கிளிப்களில் சிலவற்றைக் காந்தம் இழுக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியை லேமினேட் செய்து வைத்து, ஸ்கேன் எடுப்பவரிடம் முதலில் காட்டுங்கள்.

கேள்வி: கணவருக்குக் கிளிப் ஆபரேஷன். பழனிக்கு முடி நேர்ந்திருக்கிறோம். ஆஸ்பத்திரியிலேயே மொட்டை அடித்துவிட்டால் நேர்த்திக்கடன் என்னாவது? – வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: பெரும்பாலும் முழு மொட்டை அடிப்பதில்லை, சகோதரி. நெற்றி முடிக்குச் சற்றுப் பின்னால், வெட்டும் கோட்டை ஒட்டி ஒரு பட்டை மட்டும் மழிப்போம். மிச்சமெல்லாம் முருகனுக்குத்தான். தழும்பு நன்றாக ஆறி, உங்கள் டாக்டர் சரி என்ற பிறகு மலையேறுங்கள். கத்தி வைப்பவரிடம் காதுக்கு முன்னால் தொடங்கும் தழும்பைத் தொட்டுக் காட்டிவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.